ஜேர்மனி: பத்து வயதில் பாதை பிரிப்பது சரியா?

ரைன்கரையோன்:
ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் ஆரம்பப் பாடசாலை நான்காம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தை நோக்கிய கிம்னாசியமா, அல்லது ரியால்சூல (நடுத்தர இடைநிலைப் பாடசாலை), ஹவுப்ட்சூல (தொழிற்பயிற்சியை நோக்கிய அடிப்படை இடைநிலைப் பாடசாலை) போன்ற வேறு பாதையா என்பது ஏறத்தாழ பத்து வயதிலேயே தீர்மானமாகிறது. பவேரியாவில் ஜேர்மன், கணிதம், சூழல் அறிவு ஆகிய மூன்று பாடங்களின் சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறந்ததாக இருந்தால்தான் (அங்கே 1தான் உயர்ந்த மதிப்பெண்) கிம்னாசியத்துக்கு நேரடித் தகுதி கிடைக்கும். பெர்லினில் படிக்கும் பிள்ளைக்கோ ஆரம்பப் பாடசாலை ஆறு ஆண்டுகள். வீட்டில் தமிழோ துருக்கிய மொழியோ பேசி வளர்ந்து, பாலர் பாடசாலையில்தான் ஜேர்மன் மொழியைத் தொடங்கும் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் போதா. பெற்றோரின் சமூகநிலை பிள்ளையின் வாசிப்புத் திறனை எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கிறது என்பதை பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது.

தொழில்நாடி:
ஐயா, பத்து வயதில் நடப்பதை இறுதித் தீர்ப்பாகக் கொள்கிறீர்கள். ரியால்சூலவில் பத்தாம் வகுப்பை நன்றாக முடித்தவர் மேல்நிலைக்கு மாறி, பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி தரும் அபிட்டூர் தேர்வை எழுதலாம். தொழிற்பயிற்சிக்குச் செல்பவர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பாடசாலையிலும் மற்ற நாள்களில் நிறுவனத்திலும், ஊதியம் பெற்றபடியே, இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் கற்கிறார். மைஸ்டர் எனும் உயர்நிலைத் தொழில் தகுதி பெற்றவர் அபிட்டூர் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேர, மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2009இல் உடன்பட்டார்கள். கைத்தொழிலை இவ்வளவு மதிக்கும் அமைப்பை, கிம்னாசியம் ஒன்றையே அளவுகோலாக்கிக் குறைகூறுவது நியாயமன்று.

ரைன்கரையோன்:
தொழிற்கல்வியை நானும் மதிக்கிறேன். அதைப் பதினாறு வயதில் தானே தேர்ந்தெடுப்பதும், பத்து வயதில் அதன் பக்கம் ஒதுக்கப்படுவதும் ஒன்றல்ல. பல்கலைக்கழகங்களின் பொதுக் கல்விக்கட்டணத்தை 2014க்குள் எல்லா மாநிலங்களும் கைவிட்டன. ஆனால் அந்த வாசல்வரை வந்துசேர்பவர் யார் என்பதே என் கேள்வி.

எல்பேக்கரையாள்:
ஹம்பேர்க் மாநிலம் ஆரம்பக் கல்வியை ஆறு ஆண்டுகளாக்க முயன்றபோது, 2010 ஜூலையில் மக்களே வாக்களித்து அதை நிராகரித்தார்கள். திறமையான பிள்ளைகள் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்ற பெற்றோரின் கவலையை அலட்சியப்படுத்த முடியாது. அதன்பின் அங்கே கிம்னாசியமும், பதின்மூன்றாம் வகுப்பில் அதே அபிட்டூரைத் தரும் நகர்ப்பகுதிப் பாடசாலையும் என இரண்டே பாதைகள் நிலைத்தன. இது போதாதா?

ரைன்கரையோன்:
சகோதரி, அந்த இரண்டு பாதை முறையை நான் வரவேற்கிறேன், பவேரியாவும் அதைப் பின்பற்றட்டும். ஆனால் அந்த வாக்கெடுப்பில் வசதியான பகுதிகளே அதிகம் திரண்டன. குடியுரிமை பெறாத பெற்றோருக்கு வாக்கே இல்லை. பிரிப்பால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தாம்.