எல்டன் ரிங் வீடியோ கேம்: இரவில் 45 நிமிடம்தான் கிடைக்கிறது, நடுவில் நிறுத்தவும் முடியவில்லை. உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். மகளைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தால் பத்தரை வரைதான் எனக்கு நேரம். மூன்று வாரமாக ஆடியும் ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன்னால் மார்கிட் என்ற பெரிய எதிரியிடமே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பிஎஸ்5, லெவல் 14. அதைவிடப் பெரிய தொல்லை, மெனுவைத் திறந்தாலும் எதிரி அடித்துக்கொண்டே இருக்கிறான். நேற்று பாப்பா அழுதாள் என்று எழுந்து ஓடினேன். திரும்பி வந்தால் செத்துக் கிடக்கிறேன். விட்ட 6,000 ரூனை (லெவல் ஏற்றச் செலவழிக்கும் காசு) எடுக்கப் போகும் வழியில் மறுபடியும் சாவு, அத்தனையும் போச்சு. கேமை விடவும் மனமில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அந்த வயிற்றெரிச்சல் தெரியும். நிறுத்த ஒரு வழி இருக்கிறது. மெனுவில் இன்வென்டரியைத் திறந்து, டச்பேடை அழுத்தி, ‘மெனு எக்ஸ்பிளனேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த விளக்கப் பெட்டி திரையில் இருக்கும்வரை எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்கு நேரமில்லாமல் ஓட வேண்டியிருந்தால் சிஸ்டம் மெனுவில் ‘குயிட் கேம்’ கொடுங்கள். ரூன் போகாது, நின்ற இடத்திலேயே மறுநாள் தொடரலாம்.

கேட்டவர்:
சண்டை நடுவிலும் குயிட் கொடுக்கலாமா?

பதில் 1:
தனியாக ஆடும்போது கொடுக்கலாம். மார்கிட் மாதிரியான பெரிய எதிரியோடு பாஸ் சண்டை என்றால் மட்டும் மூடுபனிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பீர்கள், பாஸுக்கு முழு உயிரும் திரும்பியிருக்கும்.

பதில் 2:
அண்ணா, லெவல் 14ல் மார்கிட் வேண்டாம். நீங்கள் இப்போது சுற்றும் லிம்கிரேவுக்குத் தெற்கே பாலம் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா என்ற பகுதி. உங்கள் 45 நிமிடத்துக்கு என்றே செய்த மாதிரியான இடம். அங்கே இருக்கும் மூன்று தேவாலயங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சேக்ரட் டியர் கிடைக்கும், மருந்துக் குடுவையின் பலம் கூடும். ஒரு இரவுக்கு ஒரு தேவாலயம் அல்லது ஒரு குகை என்று வைத்துக்கொள்ளுங்கள், எழும்போது கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும். சுரங்கத்தில் ஆயுதத்தைப் பலப்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோன் பொறுக்கி ஆயுதத்தை +3 ஆக்குங்கள். பத்து நிமிடம் மீதி இருக்கும்போதே கிரேஸுக்கு (ஓய்வெடுத்து லெவல் ஏற்றும் இடம்) போய் ரூன் முழுவதையும் லெவலுக்குச் செலவழித்துவிடுங்கள். கையில் ரூன் இல்லாவிட்டால் பாப்பா எப்போது அழுதாலும் பயமில்லை.

அப்புறம், டோரன்ட் குதிரை வந்த பிறகு சர்ச் ஆஃப் எல்லேயில் ரென்னா என்ற சூனியக்காரியைப் பார்த்தீர்களா? ஆவிகளைத் துணைக்கு அழைக்க அவர் தரும் மணியோடு மூன்று ஓநாய்களும் சேர்ந்தே வரும். மார்கிட் அவற்றோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நீங்கள் அடிக்கலாம்.

கேட்டவர் (பன்னிரண்டு நாள் கழித்து):
ரென்னாவைப் பார்க்காமலேதான் சுற்றிக்கொண்டிருந்தேன், தம்பி. மூன்று தேவாலயமும் முடிந்தது, லெவல் 24, வாள் +3. நேற்று பத்து இருபதுக்கு மார்கிட் விழுந்தான். நடுவில் பாப்பா ஒருமுறை எழுந்தாள். விளக்கப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போய்த் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தேன். வந்து பார்த்தால் ஓங்கிய கோலோடு அப்படியே நிற்கிறான். இருவருக்கும் நன்றி.