டெங்குச் சுவரொட்டிக்குப் படம் வரைந்து தருவீர்களா?

வணக்கம் உறவுகளே. யாங்கூனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்காக டெங்குச் சுவரொட்டி ஒன்று தயாரிக்கிறேன். மழை தொடங்குமுன் ஒட்டியாக வேண்டும். கொசுவைப் பெரிதாக அச்சிட்டுக் காட்டியதும், ஒரு பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இவ்வளவு பெரிய பூச்சி எங்கள் வீட்டில் இல்லையே அம்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். கொசுவின் உண்மை அளவைப் படம் சொல்லவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆகவே வாரந்தோறும் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை எழுத்தில்லாமல் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பர்மிய எழுத்துதான் சரளம், பாட்டிகள் சிலருக்கு எந்த எழுத்தும் தெரியாது.

தொட்டியின் குறுக்குவெட்டு, தேய்க்கும் கை, விரல் நுனியில் ஒரு கொசு. இந்த மூன்றையும் கோட்டோவியமாக யாராவது வரைந்து தர முடியுமா? கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டும்.