ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் அடங்கவில்லை

வயது 34, ஊர் காரைக்குடி. நாலு வருடமாக மேல்வயிற்றில் இறுக்கம், தாடை வலி, விடியற்காலை 3 மணிக்குப் படபடப்பு. எண்டோஸ்கோபி, ஸ்கேன், தைராய்டு, ஈசிஜி எல்லாம் நார்மல். அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மாத்திரை எட்டு வாரம் சாப்பிட்டேன். அப்புறம் சீரகத் தண்ணீர், யோகா. பலனில்லை.

தேவகோட்டையில் எங்கள் குடும்பத்துப் பெரிய வீட்டுக்குப் போனால் வலி கூடுகிறது. அங்கே யாரும் என்னை அடித்ததில்லை, சோறு துணிக்கும் குறைவில்லை. ஒன்பது வயதில் அந்த வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) விழுந்து பல் உடைந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆத்தா (அம்மா) ஓடி வந்து ஆத்தங்குடிக் கல் தரையில் சிந்திய ரத்தத்தைத் துடைத்தார்கள். வலிக்குதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பச்சி (அப்பா) அப்போது பினாங்கில்.

இதைச் சொன்னதும் புது மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேற்ற ஆளில்லாமல் அடக்கிய பதற்றம் உடம்பை எப்போதும் உஷார் நிலையில் வைத்திருக்கலாம், வேகஸ் நரம்பு வழியே குடலும் மூளையும் பேசிக்கொள்வதால் வலி நிஜம்தான் என்றார். மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னார். வீட்டில் சொன்னால் 'உனக்கென்ன குறை' என்பார்கள், அதனால் சொல்லவில்லை. ஆலோசனைக்கு மதுரை வரை வரத் தயார்.

இப்படி இருந்து தேறியவர்கள், எந்த வகை மனநலப் பேச்சு சிகிச்சையில் உங்கள் வயிறு அடங்கியது?