ஜப்பான் இசைத்தட்டில் மூங்கில் குழல் ஏழு கட்டையில் நிற்கிறது, ஏன்?

சிப்புட் நாயனம்:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பட்டணத்தை ஒட்டிய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாயனம் வாசிக்கிறேன்.

1982இல் அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்ததும் இங்கிருந்து நிறையப் பேர் ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போனார்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான் ஒசாக்கா பக்கம் போனார். திரும்பி வரும்போது ஒரு பெட்டி இசைத்தட்டும், அங்கேயே வாங்கிய ரெக்கார்டு பிளேயரும் கொண்டுவந்தார். அவர் காலமான பிறகு, "நீதான் ஊதுகிறவன், நீயே வைத்துக்கொள்" என்று சித்தி என்னிடம் கொடுத்துவிட்டார்.

அட்டைகளின் ஓரத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கிறது. தங்கை மகன் கைப்பேசியை வைத்துப் படித்துச் சொன்னதில் நான்கு தட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. யாமமோதோ ஹோசானின் 'கின்காய்', முராவோக்கா மினோருவின் 'பேம்பூ', அகியோஷி தோஷிகோவின் 'கோகுன்', கிதாஜிமா ஒசாமுவின் 'பென்சைதென்'.

முதலில் 'கின்காய்' போட்டேன். பியானோ, பாஸ் என்கிற தாழ்ந்த ஒலியுள்ள தந்தி வாத்தியம், டிரம்ஸ், அவற்றோடு ஷாகுஹாச்சி என்கிற மூங்கில் குழல். சுரம் பிறப்பதற்கு முன்பே ஊதுகிறவரின் மூச்சு கேட்டுவிடுகிறது. பிடித்த சுரத்தை அவர் அப்படியே விடுவதில்லை. சற்றே சாய்க்கிறார், மெல்ல நிமிர்த்துகிறார், கடைசியில் காற்றாகவே கரைத்துவிடுகிறார். சுரத்தை அசைக்கும் எங்கள் கமகம் வேறு, அது வேறு. ஆனாலும் ஊதுகிறவனுக்கு அது உடனே பிடிபடும். அன்றிரவு தூங்கவே மனமில்லை.

சிக்கல் என்னவென்றால், கூடவே ஊதிப் பார்க்க நாயனத்தை எடுத்தேன். என்னுடையது இரண்டு கட்டை (கட்டை என்பது நாங்கள் சுருதியைச் சொல்லும் அளவு). அந்தக் குழலின் அடிச் சுரமோ ஏழு கட்டைக்கும் கொஞ்சம் கீழே நிற்கிறது. ஏழும் இல்லை, ஆறரையும் இல்லை. பியானோவும் அதே கணக்கில் இறங்கியிருக்கிறது. சுருதிப் பெட்டியோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டையிலும் அது உட்கார மறுக்கிறது. டிரம்ஸ் சத்தமும் கனத்துக் கேட்கிறது. மின்சாரத்துக்கு 100 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறேன், அதில் குறை தெரியவில்லை.

இசையே அப்படித்தானா, பிளேயரில் கோளாறா? நான்கில் எதை முதலில் ஊன்றிக் கேட்கலாம்? தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறது, அதற்கும் ஒரு வழி சொன்னால் நல்லது.

லூனாஸ் வாசகன்:

பெல்ட் தளர்ந்திருக்கும். நம் ஊர் வெக்கையில் ரப்பர் பெல்ட் சீக்கிரமே இளகிவிடும். புதிய பெல்ட் இணையத்தில் கிடைக்கிறது, மாற்றிப் பாருங்கள்.

பழைய வால்வு:

சிப்புட் தம்பி, பியானோவும் சேர்ந்து இறங்கியிருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே எனக்குப் போதும். ஈப்போவில் பல காலம் வானொலிப் பெட்டியும் பிளேயரும் பழுது பார்த்தவன் நான். பெல்ட் தளர்ந்தால் சுருதி அலையும். ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். உங்களுடையது இறங்கிய இடத்திலேயே ஆடாமல் நிற்கிறது. அது பெல்ட்டின் வேலை இல்லை.

உங்கள் பிளேயர் ஒசாக்காவில் வாங்கியது. காரணம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் வோல்ட் நாடு முழுக்க 100தான், ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண் இரண்டு. தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890களில் தோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரை வாங்கியது, ஒசாக்கா அமெரிக்க ஜெனரேட்டரை வாங்கியது. அன்று பிரிந்தது இன்றுவரை சேரவில்லை. நம் மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ்.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை அது தொடாது. பெல்ட்டில் ஓடும் பழைய பிளேயர்களில் பலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பார்த்தே சுற்றும். 60க்கென்று செய்த மோட்டாருக்கு 50 கொடுத்தால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28க்கும் குறைவாக ஓடும்.

சுருதிக் கணக்கையும் பாருங்கள். ஷாகுஹாச்சியில் வழக்கமான அளவு ஒன்று உண்டு, ஏறக்குறைய 54.5 சென்டிமீட்டர் நீளம். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று. எல்லாத் துளையையும் மூடி ஊதினால் வருவது 'டி', அதாவது உங்கள் இரண்டு கட்டை. வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்தால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும். இரண்டு கட்டையிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே போனால், ஒன்றரை, ஒன்று என்று இறங்கி, கீழ் ஸ்தாயியின் ஏழு கட்டை, இன்னும் கொஞ்சம் இறங்கினால் நீங்கள் சொன்ன அதே இடம். ஷாகுஹாச்சியில் நீளமானவையும் குட்டையானவையும் உண்டு என்பது உண்மை. ஆனால் பியானோவை யாரும் எந்தக் கட்டையிலும் சேராமல் சுருதி கூட்ட மாட்டார்கள். உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. அட்டையிலோ தட்டின் நடு லேபிளிலோ ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடப் பாட்டு ஆறு நிமிடம் ஓடினால் விஷயம் முடிந்தது. பிளேயரின் பின்பக்கத் தகட்டில் 60 என்று மட்டும் இருக்கிறதா, 50/60 என்று இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டும் போட்டிருந்தால் உள்ளே மாற்றும் வழி இருக்கும்.

வழி இல்லையென்றால், மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சின்னக் கப்பியைக் கழற்றி, பெரிதாக ஒன்று கடைய வேண்டும். விட்டத்தை அளந்து, அதோடு பெல்ட்டின் கனத்தைக் கூட்டி, 1.2ஆல் பெருக்கி, மறுபடி பெல்ட்டின் கனத்தைக் கழித்துவிடுங்கள். பெல்ட்டை மறந்து வெறும் கப்பியை மட்டும் பெருக்கினால் வேகம் கொஞ்சம் பிசகும். உங்களைப் போன்ற காதுள்ளவர்களுக்கு அந்தக் கொஞ்சமே போதும், நிம்மதி போய்விடும்.

சிப்புட் நாயனம்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் அட்டையில் போட்டதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடுகிறது. பின்பக்கத் தகட்டில் 60 மட்டும்தான்.

கப்பி தயாராகும்வரை பொறுக்க முடியவில்லை. தங்கை மகன் ஒரு பக்கத்தைக் கணினியில் பதிவு செய்து, வேகத்தை 1.2 மடங்கு ஏற்றிக் கொடுத்தான். பியானோ கட்டையில் வந்து உட்கார்ந்தது. டிரம்ஸ் கனம் குறைந்து, அதன் உலோகத் தட்டில் குச்சி படுவதுகூடத் தனியாகக் கேட்கிறது. குழலின் சாய்வுகள் முன்பு இழுவையாகத் தெரிந்தன. இப்போது அவர் எவ்வளவு கூர்மையாகத் தாடையை அசைக்கிறார் என்று புரிகிறது. நாயனத்தைச் சன்னமாக ஊதிப் பார்த்தேன், சேர்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, "என்ன ஐயா, கோயிலில் புது விசேஷமா?" என்று கேட்டார்.

கங்சார் மல்லிகா:

தம்பி, 'கோகுன்' பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அது 1974இல் வந்தது. அகியோஷி தோஷிகோ அமெரிக்காவில் கணவர் லூ டபாக்கினோடு நடத்திய பெரிய ஜாஸ் குழுவின் தட்டு. அதன் தலைப்புப் பாட்டில் 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடகத்தின் சுசுமி மேளமும், மேளக்காரர்கள் இடையிடையே எழுப்பும் நீண்ட குரலும் வரும். மேற்கத்தியப் புல்லாங்குழலை டபாக்கின் வாசிக்கிறார். பாட்டுக்குப் பொருளாக இருப்பவர் ஒனோதா ஹிரோ. போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் ஏறக்குறைய 29 ஆண்டு ஒளிந்திருந்து, 1974 மார்ச்சில்தான் வெளியே வந்த ஜப்பானிய ராணுவ அதிகாரி.

எங்கள் தாத்தாவை ஜப்பான் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை ஜப்பான் சாமான் எதையும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால் அந்தப் பாட்டை என்னால் வெறும் இசையாகக் கேட்க முடியாது. மேளக்காரரின் அந்தக் குரல் எழும்போது உடம்பு சிலிர்க்கிறது, அது உண்மை. காட்டில் தனியே கிடந்த மனிதனின் ஏக்கம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அவருடைய ஆட்களின் கையில் செத்துப்போன லுபாங் தீவு விவசாயிகள் அந்தப் பாட்டில் இல்லை. அவர்கள் இல்லாததையும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். தட்டை ஒதுக்கிவிட வேண்டாம். அது அரிய வேலை.

பழைய வால்வு:

மல்லிகா அம்மா சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். எங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போனவர்கள் உண்டு.

தம்பி, எதை முதலில் கேட்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஜப்பான் தட்டுகளை நான் இரண்டு வகையாகப் பிரிப்பேன். வெளிநாட்டில் ஓடிய பாட்டை எடுத்து, மெட்டைக் கோதோ என்ற தந்தி வாத்தியத்திலோ குழலிலோ வாசித்துவிடுவது ஒரு வகை. அதில் பழைய வாத்தியம் புதுச் சட்டை போட்டு நிற்குமே தவிர, அதன் பேச்சு காணாமல் போய்விடும். இன்னொரு வகையில் வாத்தியம் தன் மூச்சையும் தன் இடைவெளியையும் விடாமல் வைத்திருக்கும். மற்றவர்கள்தான் அதற்கு இடம் கொடுத்து வாசிப்பார்கள். எனக்கு மதிப்பு அந்த இரண்டாம் வகையின்மேல்தான். உங்கள் கோயில் ஊர்வலத்தில் கீபோர்டு சேர்க்கிறார்கள் அல்லவா? கீபோர்டு நாயனத்தைத் தொடர்ந்து வருகிறதா, நாயனத்தை இழுத்துக்கொண்டு போகிறதா என்று கவனித்தாலே நான் சொல்லும் வேறுபாடு விளங்கும்.

'கின்காய்' இரண்டாம் வகை. 1970இல் பதிவானது. பியானோ கிகுச்சி மசாபுமி. பாஸ் வாசிப்பவர் கேரி பீக்காக் என்ற அமெரிக்கர், அப்போது ஜப்பானில் தங்கியிருந்தார். டிரம்ஸ் முராகாமி ஹிரோஷி. ஹோசான் சம்பிரதாயமாகக் கற்றுத் தேர்ந்தவர். 1967இலேயே அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ஒரு ஜப்பானியப் பெரிய குழுவோடு ஷாகுஹாச்சி ஊதியவர். 2002இல் அவர் நாடு அவரை வாழும் தேசியச் செல்வம் என்று அறிவித்தது. கேட்கும்போது குழலை விட்டுவிட்டு, குழல் ஓயும் இடங்களில் பாஸ் என்ன செய்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். பீக்காக் அந்த இடத்தை அடைக்க அவசரப்படவே மாட்டார்.

முராவோக்காவின் தட்டு அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் உங்களுக்குப் பிடிக்கும். அதில் 'டேக் ஃபைவ்' இருக்கிறது. டேவ் புரூபெக் குழுவுக்காகப் பால் டெஸ்மண்ட் எழுதிய மெட்டு. ஐந்து எண்ணிக்கை, மூன்றும் இரண்டுமாகப் பிரியும், தகிட தக. உங்கள் தவில்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், கண்டம் என்கிற ஐந்தெண்ணிக்கை அவருக்குப் புதிதில்லை. மேலை நாட்டு மெட்டாக இருந்தும் குழலின் கரகரப்பை முராவோக்கா மழுப்பவில்லை. அதனால்தான் அதை முதல் வகையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

'பென்சைதென்' 1970களில் வந்தது. பீவா என்ற தந்தி வாத்தியம், கோதோ, அவற்றோடு ராக் தாளம். பென்சைதென் என்பவள் நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய், வீணைக்குப் பதிலாகப் பீவாவைக் கையில் ஏந்தியவள். சில இடங்களில் இரைச்சல் கூடுதலாகத் தோன்றலாம், பொறுத்துக் கேளுங்கள்.

கோதோ வரும் இடங்களில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ச, சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், ப, சுத்த தைவதம். இந்த ஐந்து சுரக் கூட்டம் ஜப்பானிய இசையில் அதிகம் புழங்குகிறது. நம்மிடம் அது கர்நாடக சுத்தசாவேரி. மோகனத்தின் ஐந்து சுரமும் அவர்களிடம் தாராளமாக உண்டு. சுரம் ஒன்றானாலும் நடை வேறு, ஆகவே ராகம் என்று பெயர் வைத்துவிட வேண்டாம்.

பூஞ்சைக்கு: காய்ச்சி வடித்த வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி போதும். மெல்லிய வெல்வெட் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடு லேபிள் நனையக் கூடாது. வெறும் வடிநீரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும். பூஞ்சை பிடித்த உள்ளுறையில் மறுபடி போடாதீர்கள், புது உறை வாங்குங்கள். அட்டை ஓரத்துக் காகிதப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விலையும் வெளியீட்டு எண்ணும் அதில் இருக்கும், சேகரிப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கப்பியை நீங்களே அளக்க வேண்டாம். ஈப்போவுக்கு வரும்போது கழற்றி, பெல்ட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள். எனக்குத் தெரிந்த லேத் கடையில் பித்தளையில் கடைந்து வாங்கிவிடலாம். 180 கோடு போட்ட வேகத் தட்டு என்னிடம் இருக்கிறது. அதை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குழல்விளக்கின் கீழ் சுழலவிட்டால் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது, ஆகவே என் பட்டறையிலேயே பார்த்துவிடுவோம். வருகிற நாளை முன்கூட்டியே தனிச் செய்தியில் சொல்லிவிடுங்கள்.