‘ரீபவர்’ என்பதற்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். படகு எஞ்சின் பழுதுபார்க்கப் பயிலும் மாணவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஓர் அத்தியாயத்தின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

சிறிய உல்லாசப் படகில் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதை ‘ரீபவர்’ என்கிறார்கள். ‘மறுவிசையூட்டல்’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். இவ்வகைப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கிறது. பின்பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் இறங்கும் பற்சக்கரக் கால் தனி உறுப்பு. எஞ்சினை மாற்றுகிறவர்கள் பலர் இந்தக் காலை மாற்றுவதில்லை. அந்தக் கால் இவ்வளவு முறுக்குவிசைதான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. 100 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 4,800 சுற்றில் தரும் எஞ்சின் ஏறத்தாழ 148 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறது. அதே திறனை 3,200 சுற்றில் தரும் டீசல் எஞ்சினுக்கு அது 223. திறன் ஒன்றுதான், பல்லின்மேல் விழும் பளு ஒன்றரை மடங்கு. ‘விசையூட்டல்’ என்று தலைப்பிட்டால் மாணவன் கூட்டுவதை மட்டுமே நினைப்பான்.

சென்ற மாதம் ஒரு மாணவர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்த பற்சக்கரத்தில் மூன்று பற்கள் அடியோடு போயிருந்தன. அதிலிருந்து வடித்த ஆயிலைத் தொட்டேன். விரலில் வெள்ளிப்பொடி போல இரும்புத்தூள் ஒட்டியது. அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, ‘பொறிமாற்று’ என்று வையுங்கள். செய்வதை மட்டும் சொல்கிறது. கூட்டுவதாக வாக்குக் கொடுக்கவில்லை.

நீங்கள் போகிற போக்கில் ‘கால்’ என்று எழுதினீர்களே, அதை விடாதீர்கள். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் கால் என்பது சக்கரம். காற்றும் கால், தூணும் கால். நம் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். ஓடுவதும் கால், தாங்குவதும் கால். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் எண்ணம். இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன். உங்கள் உறுப்பு ஓடவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். ஆகவே ‘உந்துகால்’.

தாங்கும் எல்லைக்கும் வள்ளுவரிடமே சொல் இருக்கிறது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். ‘அச்சிறுமளவு’ என்று எழுதுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

ஐயா, ‘உந்துகால்’ அருமை. நான் ‘இயக்கி’ என்று சொல்ல வந்தேன். கணினிக்காரர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள். தென்மாவட்டங்களில் அது இசக்கியம்மனின் பெயரும்கூட.

ஆனால் ‘பொறி’யை ஏற்க மாட்டேன். ஐம்பொறி, தீப்பொறி, எலிப்பொறி என்று ஏற்கெனவே அதற்குச் சுமை அதிகம். ‘எந்திரமாற்று’ போதும். வடசொல் என்பீர்கள். வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். பர்மாத் தேக்கு நம் வளவு வீடுகளில் தூணாக நிற்கிறது; அதை அயல்மரம் என்று யாரும் பிடுங்கிப் போடவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

தேக்கு இங்கே விளையாததால் கொண்டுவந்தோம். ‘பொறி’ இங்கேயே விளைகிறது.

தொண்டியிலிருந்து:

அண்ணன்மார் மன்னிக்க வேண்டும். எங்கள் கரையில் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இவற்றை யாரும் கூட்டம் போட்டு உண்டாக்கவில்லை. எஞ்சினை மாற்றினால் ‘எஞ்சின் மாற்று’ என்கிறோம். ‘பொறிமாற்று’ என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவர்களில் பாதிப் பேர் ‘பொரிமாற்று’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பரீட்சைத்தாளில் அது பிழை. படகில் அவன் கை பிழை செய்யாதிருக்க வேண்டும், எனக்கு அதுதான் கவலை.

இன்னொன்று. உங்கள் சொற்கள் எல்லாம் எஞ்சினோடும் காலோடும் நின்றுவிட்டன. சுழல்விசிறியை மறந்துவிட்டீர்கள். முழு வேகம் கொடுக்கும்போது எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த சுற்றை எட்ட வேண்டும். எட்டாமல் திணறினால் விசிறியின் புரியிடை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம் என்று பொருள். ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். பற்சக்கர விகிதத்தையும் புதிய எஞ்சினுக்கு ஏற்றபடி பார்க்க வேண்டும். இந்தப் பொருத்தம் பார்ப்பதுதான் பாதி வேலை. அது எந்தச் சொல்லில் இருக்கிறது?

காரைக்குடியிலிருந்து:

தொண்டித் தம்பி சொன்னது தைத்தது. ‘பொறிப்பொருத்தம்’ என்று ஒரு நாள் முழுக்க எழுதிப் பார்த்தேன். எஞ்சினை மாற்றுகிறோம் என்ற செய்தியே அதில் காணாமல் போகிறது. ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திணிக்க என்னால் முடியவில்லை.

நாளை கொடுக்க வேண்டும். தலைப்பு ‘பொறிமாற்று’, முதல் வரியிலேயே ‘எஞ்சின் மாற்றுதல்’ என்று விளக்கம் இருக்கும். ‘உந்துகால்’ அப்படியே போகிறது. எல்லைக்கு ‘முறுக்குத் தாங்களவு’. புரியிடைக்கும் பல் விகிதத்துக்கும் தனிப் பக்கம் சேர்த்துவிட்டேன்.

கானாடுகாத்தானிலிருந்து:

‘எந்திரமாற்று’தான் என் கருத்து. அச்சைத் தடுக்கவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

‘தாங்களவு’ என்பதை ‘தாங்கள்’ என்று தொடங்கிப் படித்துத் தடுக்கி விழுவார்கள். ‘அச்சிறுமளவு’ என்பதில் முறியும் ஓசையே கேட்கிறது. அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.

தொண்டியிலிருந்து:

கையேடு வந்ததும் இருபது படிகள் அனுப்புங்கள் அண்ணே. ‘உந்துகால்’ என்று சொல்லிப் பார்த்தேன், மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். மற்றதை நான் ‘எஞ்சின் மாற்று’ என்றே நடத்துவேன்.