ஆர்கன்சா ஆறு, சலைடா பக்கம்: செப்டம்பரில் கொத்திய ட்ரவுட் இப்போது ஏன் தொடவே இல்லை?

வைகைக்கரை (ஜூன் 8)

எல்லோருக்கும் வணக்கம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கிறேன். போன செப்டம்பரில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆர்கன்சா ஆற்றங்கரை ஊரான சலைடாவுக்குக் கூட்டிப்போய் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பது, அந்த முள்தான் ஃப்ளை) சொல்லிக்கொடுத்தார். ஊருக்குச் சற்றுக் கீழே, முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மேலே வெட்டுக்கிளி மாதிரி கட்டிய ஃப்ளை, அதிலிருந்து இரண்டடி தங்கூசியில் ஒரு சின்ன நிம்ஃப் (தண்ணீருக்குள் இருக்கிற இளம்பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை). அன்றைக்கு ஏழு பிரவுன் ட்ரவுட் கிடைத்தன. எல்லாவற்றையும் திரும்ப விட்டோம். சின்ன வயதில் வைகையில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்தவன் நான். அந்த நாளுக்குப் பிறகு இந்த ஆற்றை மறக்க முடியவில்லை.

நண்பர் வேலை மாறி வேறு மாநிலம் போய்விட்டார். இந்த வருஷம் நானே மூன்று தடவை போனேன். அதே இடம், அதே கழி (9 அடி, 5 வெயிட்), அதே ஃப்ளை.

ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை: தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு கொத்துகூட இல்லை.

மே இரண்டாவது சனிக்கிழமை: கரையோர வில்லோ புதர் முழுக்கப் பூச்சி. நம் ஊரில் மழை விட்டதும் ஈசல் கிளம்புமே, அந்த மாதிரி. சட்டைக் காலருக்குள், காதுக்குள் எல்லாம் புகுந்தது. இதுதான் பேர்பெற்ற அன்னையர் தினக் காடிஸ் பூச்சி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கடையில் காடிஸ் ட்ரை ஃப்ளை (தண்ணீர் மேல் மிதக்கிற ஃப்ளை) வாங்கிப் போட்டேன். நாலு மணி நேரத்தில் ஒரு சின்ன மீன்.

நேற்று முன்தினம்: ஆறே வேறு ஆறாக இருந்தது. டீ நிறத்தில் கரைமுட்டப் போகிறது. நான் நின்ற இடம் எங்கே என்றே தெரியவில்லை. இறங்காமல் திரும்பிவிட்டேன்.

என் வீச்சில் தப்பா, ஃப்ளையில் தப்பா, போகிற நாளில் தப்பா?

பொன்னி (ஜூன் 8)

எந்த மீனும் விடியற்காலையில்தானே நன்றாக இரை எடுக்கும்? ஆறு மணிக்கே தண்ணீரில் இருக்கிற மாதிரி போய்ப் பாருங்கள்.

மலையோரம் (ஜூன் 8)

வைகைக்கரை தம்பி, நேற்று முன்தினம் இறங்காமல் திரும்பியது ரொம்பச் சரி. பதில் சொல்வதற்கு முன் சில விவரம் வேண்டும். ஏப்ரலில் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? வெயிலா, மேகமா? தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்த்தீர்களா? மே மாதம் பறந்த பூச்சி தண்ணீரிலிருந்து எழும்பியதா, புதரிலிருந்து கிளம்பியதா? சலைடாவுக்குக் கீழே வெல்ஸ்வில்லில் ஆற்றின் ஓட்டத்தை அளக்கிற அளவுமானியில் அன்றைக்கு எவ்வளவு கன அடி காட்டியது?

வைகைக்கரை (ஜூன் 9)

அண்ணா, ஏப்ரலில் காலை ஏழரைக்கு இறங்கினேன். பன்னிரண்டுக்குக் கிளம்பிவிட்டேன். நல்ல வெயில், ஆனால் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை, விரல் மரத்துப்போனது. வெப்பமானி என்னிடம் இல்லை.

மே மாதம் பூச்சி புதரில்தான் மொய்த்தது. தண்ணீர் மேல் கொஞ்சம்தான். ஆனால் மீன் நடு ஓட்டத்தில் அங்கங்கே முதுகைக் காட்டியது, அதனால்தான் ட்ரை ஃப்ளையே போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

அளவுமானி எப்படிப் பார்ப்பது என்று இப்போதுதான் தேடினேன். ஜூன் 6 அன்று விநாடிக்கு 2,600 கன அடி. போன செப்டம்பரில் நாங்கள் போன நாளைப் பார்த்தேன், வெறும் 380.

மலையோரம் (ஜூன் 9)

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. மேட்டூருக்கு நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே மீன் பிடிக்கவும் அதே பழக்கம்தான் வேண்டும். நாட்காட்டி பிறகு. முதலில் கன அடி, அப்புறம் தண்ணீரின் சூடு. உங்கள் வீச்சில் பெரிய தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஒரே நாளில் ஏழு மீன் பிடித்த கைதானே. செப்டம்பர் ஆற்றை நீங்கள் ஏப்ரலில் தேடியிருக்கிறீர்கள்.

ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். சலைடா கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். இரவு குளிரில் ஆறு நடுங்கிப் போயிருக்கும், விடிகாலையில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் மீனின் உடம்பே மந்தமாக இருக்கும், இரைக்காக நகராது. பொன்னி சொன்ன விடியற்காலை கோடைக்குச் சரி, வசந்தத்துக்குச் சரியில்லை. ஏப்ரலில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரைதான் நேரம். அதுவும் மேகம் மூடி, லேசாகத் தூறுகிற அல்லது பனி விழுகிற நாளாக இருந்தால் புளூ விங் ஆலிவ் என்கிற சின்ன மேஃப்ளை எழும்பும். 18, 20 நம்பர் முள்ளில் (நம்பர் கூடக் கூட முள் சின்னது) கட்டிய நிம்ஃப் போதும். நீங்கள் கிளம்பிய பிறகுதான் ஆறு விழித்திருக்கும். அப்புறம், ஏப்ரலில் எங்கே இருக்கிறது வெட்டுக்கிளி? அது ஜூலைக் கடைசிக்குப் பிறகு கரைப் புல்லிலிருந்து காற்றில் விழுகிற இரை.

மே மாதம்தான் எனக்குப் பிடித்த பாடம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அடுத்த ஏப்ரலில் போகும்போது ஓட்டத்தில் கிடக்கிற ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். அடியில் கிராம்பு அளவில், நாலு பட்டையாகச் செதுக்கிய மாதிரி கூடுகள் ஒட்டியிருக்கும். செடித் துணுக்குகளை வரிசையாக அடுக்கிக் காடிஸ் புழு கட்டிய வீடு அது. வாய் திறந்திருந்து பச்சைப் புழு தலை நீட்டினால் இன்னும் நாள் இருக்கிறது. வாய் அடைபட்டிருந்தால் உள்ளே புழு கூட்டுப்புழுவாக மாறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் 54 டிகிரியைத் தொடும் சமயத்தில் அது கூட்டை வெட்டிக்கொண்டு மேலே எழும்பும். கீழே கேன்யன் சிட்டி பக்கம் ஏப்ரல் நடுவிலேயே தொடங்கி, தண்ணீர் சூடாக ஆக ஆற்றோடு மேலேறி, மே முதல் வாரவாக்கில் சலைடாவுக்கு வரும், பிறகு பியூனா விஸ்டா.

நீங்கள் பார்த்த புதர்க்கூட்டம் அதற்கு முந்தைய நாட்களில் எழும்பிய பூச்சி. சிறகு முளைத்ததும் கரைக்குப் போய் நாள்கணக்கில் தங்கும், அதனால் அதை வைத்து இன்றைய நிலையை முடிவு செய்யக் கூடாது. மீன் முதுகைக் காட்டியது என்றீர்களே, முதுகும் வாலும் தெரிந்து மூக்கு தெரியவில்லை என்றால் அது மேலே மிதக்கிற பூச்சியைத் தின்னவில்லை. ஒரு விரற்கடை கீழே, எழும்பி வருகிற கூட்டுப்புழுவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூட்டுப்புழு மாதிரி கட்டிய 16 நம்பர் காடிஸ் பியூப்பா ஃப்ளையைப் போட்டு, ஓட்டத்தோடு விட்டு, கடைசியில் கழியை அசைக்காமல் பிடியுங்கள். லைன் இறுகும்போது ஃப்ளை தானாக மேலே எழும்பும். அந்த இடத்தில்தான் மீன் வந்து அடிக்கும், கை ஆடிப்போகும். ட்ரை ஃப்ளைக்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். பெண் பூச்சிகள் முட்டையிட ஆற்றுக்குத் திரும்புவது அப்போதுதான். மூன்று மணிக்குக் கிளம்பியதால் அதுவும் தவறிவிட்டது.

இப்போது ஓடுவது பனி உருகிய வெள்ளம். மே நடுவில் ஏறத் தொடங்கி, பெரும்பாலும் ஜூனில் உச்சம் தொடும். நடு ஆற்றில் மீன் நிற்க முடியாது, எல்லாம் கரைக்கு ஒதுங்கிவிடும். கரையிலிருந்து மூன்றடிக்குள், பாறை மறைவில், புதர் வேர் தடுத்த சுழியில் நிற்கும். தண்ணீரில் கால் வைக்காமலே பிடிக்கலாம், வைக்கவும் கூடாது. 8 நம்பர் ஸ்டோன்ஃப்ளை (ஆற்றுக் கல்லடியில் வளர்கிற பெரிய பூச்சி) நிம்ஃப், தடிமனான 3எக்ஸ் தங்கூசி, தக்கையோடு நாலடி ஆழம் போதும். கலங்கலில் மீனுக்கும் தங்கூசி தெரியாது. ஏறுகிற நாளில் போகாதீர்கள். அளவுமானியில் கோடு மூன்று நாள் தொடர்ந்து இறங்கட்டும், நிறம் டீயிலிருந்து பச்சைக்கு மாறட்டும், அப்போது போங்கள்.

நீரோட்டம் (ஜூன் 10)

மலையோரம் அண்ணா சொன்னதில் மற்றதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், கடைசிப் பத்தி மட்டும் பயமாக இருக்கிறது. தனியாகப் போகிற, முதல் வருஷக்காரரை 2,000 கன அடிக்கு மேல் ஓடுகிற ஆற்றங்கரைக்கு அனுப்பலாமா? ஈரப் பாறையில் ஒரு சறுக்கல் போதும். கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து லெவன்மைல் கேன்யன் பக்கம்தானே. அணைக்குக் கீழே சவுத் பிளாட் ஆறு. அணையிலிருந்து விடுகிற தண்ணீர், அதனால் மலை ஆறெல்லாம் கலங்கிக் கிடக்கும்போதும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மீன் கொஞ்சம் கெட்டிக்கார மீன், நுணுக்கமான தங்கூசியும் பொடி ஃப்ளையும் வேண்டும். ஆனால் உயிருக்குப் பயமில்லை. குளிர்காலத்துக்கு பியூப்லோ அணைக்குக் கீழேயும் இதே மாதிரிதான், ஜனவரியிலும் மீன் பிடிக்கலாம்.

மலையோரம் (ஜூன் 10)

நியாயமான பேச்சு. தம்பி, 1,500க்குக் கீழே இறங்கும்வரை லெவன்மைல் போங்கள். பிறகும் தனியாகப் போகாதீர்கள், வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடுகிற நீர்புகாக் கால்சட்டை) போட்டால் இடுப்பு பெல்ட் இறுக்கிக் கட்டாமல் கரையில்கூட நிற்காதீர்கள்.

பொன்னி (ஜூன் 11)

விடியற்காலை என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். இந்த ஆறு ஒரு காலத்தில் சுரங்கக் கழிவால் கெட்டிருந்தது என்று கேள்விப்பட்டேன். இப்போது இவ்வளவு மீனா?

மலையோரம் (ஜூன் 11)

உண்மைதான் அம்மா. மேலே லெட்வில்லில் வெள்ளி, ஈயம், துத்தநாகம் எடுத்த சுரங்கங்களிலிருந்து உலோகம் கலந்த தண்ணீர் நூறு வருஷத்துக்கும் மேலாக இறங்கியது. மீன் வளரும் முன்பே செத்துப்போகும், பெரிய மீன் அரிது. 1990களின் தொடக்கத்தில் அந்தச் சுரங்க நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். மீனின் ஆயுளும் அளவும் கூடியது. 2014இல் லெட்வில் பக்கத்திலிருந்து பார்க்டேல் வரை 102 மைல் ஆற்றை மாநில அரசு ‘கோல்ட் மெடல்’ நீராக அறிவித்தது. ஏக்கருக்கு 60 பவுண்டு ட்ரவுட், அதில் 14 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள மீன் பன்னிரண்டாவது இருந்தால்தான் அந்தத் தகுதி. பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்த மீன், இந்த மலையின் சொந்த மீன் கட்த்ரோட். ஆனாலும் செத்த ஆறு என்று கைகழுவப்பட்ட ஆற்றில் ஒரு மீனைக் கையில் ஏந்தும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

வைகைக்கரை (ஜூன் 28)

நேற்று போய்வந்தேன், அண்ணா. அளவுமானி ஐந்து நாளாக இறங்கி 1,280இல் நின்றது. மனைவியும் வந்தாள், தனியாகப் போகவில்லை. நிறம் பாசிப்பச்சை, இரண்டடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது.

கரைப் பாறைகளில் பூச்சித் தோல்கள் ஒட்டியிருந்தன. காய்ந்த, பழுப்பான, முதுகில் நெடுகப் பிளந்த வெற்றுக்கூடு. காலும் நகமும் அப்படியே பாறையைப் பிடித்திருக்க, உள்ளே ஒன்றுமில்லை. என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. ஸ்டோன்ஃப்ளை என்று நீங்கள் சொன்னது இதுதான் போல என்று நினைத்து, பெட்டியில் அதே அளவு நிம்ஃபைத் தேடிக் கட்டினேன். நின்றால் மீனுக்குத் தெரியும் என்று உட்கார்ந்துகொண்டே ஒரு வில்லோ வேருக்கு முன்னால் விட்டேன். கரையிலிருந்து ஒன்றரை அடிகூட இருக்காது. போன செப்டம்பரில் நான் காலை வைத்து இறங்கிய படி அது. மூன்றாவது தடவை தக்கை நின்றது. கல்லில் மாட்டிவிட்டது என்று கழியைத் தூக்கினேன், கல் நகர்ந்தது!

14 அங்குலம், வயிறு வெண்ணெய் மஞ்சள், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி. தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டேன். அப்புறம் இரண்டு சின்னது. மனைவி அடுத்த தடவை தனக்கும் லைசென்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டாள்.

ஜூலைக்கு என்ன செய்யட்டும்?

மலையோரம் (ஜூன் 28)

படித்ததும் அவ்வளவு சந்தோஷம், தம்பி!

ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை படகு ஓட்டத்துக்காக மேலே உள்ள ஏரிகளிலிருந்து தண்ணீர் விட்டு, வெல்ஸ்வில்லில் 700 கன அடி இருக்கும்படி பார்த்துக்கொள்ள முயல்வார்கள். பகலில் ராஃப்ட் வரிசையாக வரும். இப்போதுதான் பொன்னி சொன்ன விடியற்காலை. மதியத்துக்கு மேல் இடிமழை வரும், மின்னல் தெரிந்தால் கழியைக் கீழே வைத்துவிட்டு காருக்குள் போய்விடுங்கள். மழைக்குப் பிறகு பேட்ஜர் ஓடை சேறாக வந்து கலக்கும், அது சேருகிற இடத்துக்கு மேலே போனால் தண்ணீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆகஸ்ட் 15க்குப் பிறகு அளவு இறங்கி, உங்கள் முழங்கால் ஆறு திரும்பி வரும்.

ஒன்று மட்டும் கட்டாயம். வெப்பமானி வாங்குங்கள். தண்ணீர் 67 டிகிரி தொட்டால் அன்றைக்குக் கழியை மடக்கிவிடுங்கள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப் போகிற மாதிரி தெரியும், பின்னால் மடுவில் போய்ச் செத்துவிடும்.

நீரோட்டம் (ஜூன் 29)

அக்டோபருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த மாத நடுவிலிருந்து பிரவுன் ட்ரவுட் முட்டையிடும். ஆழமில்லாத ஓட்டத்தில், சுற்றிலும் பாசி படிந்திருக்க, ஓர் இடம் மட்டும் தேய்த்துக் கழுவிய மாதிரி வெளுத்த கூழாங்கல்லாகத் தெரிந்தால் அது முட்டைக் குழி. மிதிக்காதீர்கள், மேலே நிற்கிற மீனுக்கு ஃப்ளையும் வீசாதீர்கள்.

வைகைக்கரை (ஜூன் 30)

வெப்பமானி வாங்கி, நூல் கட்டி, வேடர்ஸ் பெல்ட்டில் மாட்டிவிட்டேன். ஜூலை 4 விடுமுறைக் கூட்டம் வடிந்ததும் போகிறோம், இரண்டு லைசென்ஸோடு.