மூத்தவரின் முடிவு தவறென்று தோன்றும்போது அதை எப்படிச் சொல்வது?

கேள்வி – கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்

ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். சென்ற வாரம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஒரு பம்பை இயக்கும்படி ஷிஃப்ட் பொறுப்பாளர் கூறினார். அதன் பணி அனுமதிச் சீட்டு (பராமரிப்பு வேலை முடிந்தது, இனி இயக்கலாம் என்று கையெழுத்தாகி வரும் தாள்) முடிக்கப்பட்டுத் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை என்பதால், "சார், சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் முடிந்துவிட்டது, போடுங்கள்" என்றார், போட்டுவிட்டேன். அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் சீட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்தாகி வந்தது. அவர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், நல்ல மனிதரும்கூட. அவரை அவமதிக்காமலும் அதே நேரத்தில் பின்வாங்காமலும் இதை எவ்வாறு சொல்லியிருக்க வேண்டும்?

பதில் – விமானத் துறையில் பயிற்சி அளிப்பவர்

நீங்கள் கேட்டது கேள்வி. சொல்ல நினைத்ததோ எச்சரிக்கை. இந்த இடைவெளியில்தான் எங்கள் துறை பலரை இழந்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு ஓடுபாதையில் கேஎல்எம் விமானம் பனிமூட்டத்தில் வேகமெடுக்கத் தொடங்கியபோது, எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானி அறையில் இருந்த விமானப் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றது. சில நொடிகளில் நேர்ந்த மோதலில் இரு விமானங்களிலும் 583 பேர் இறந்தனர்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்தது இதைவிட உங்கள் நிலைக்கு நெருக்கமானது. யுனைடெட் 173 விமானத்தின் சக்கரக் கோளாற்றைச் சரிபார்ப்பதிலேயே கேப்டனின் கவனம் முழுவதும் இருக்க, விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. இன்னும் பதினைந்து நிமிடம் என்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று பொறியாளர் சொல்லத்தான் செய்தார். ஆனால் அது ஒரு தகவலாகவே கேட்கப்பட்டது. "இப்போதே இறங்க வேண்டும்" என்ற சொல் யார் வாயிலிருந்தும் உரிய நேரத்தில் வரவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் பத்துப் பேர் இறந்தனர். அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். கேப்டனை மட்டும் குறைகூறாமல், துணை விமானியும் பொறியாளரும் தங்கள் கவலையை அவருக்கு உறைக்கும்படி தெரிவிக்கவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. 1981இல் அந்நிறுவனம் தொடங்கிய விமானக் குழுப் பயிற்சிக்கு இதுவே முக்கியத் தூண்டுதல்.

ஆகவே என் பரிந்துரை: அவரை விளித்து, பார்த்ததைச் சொல்லி, விளைவைச் சொல்லி, செய்ய வேண்டியதையும் சொல்லுங்கள். "சார், இந்தப் பம்பின் சீட்டு திரும்பி வரவில்லை. உள்ளே ஆள் வேலை செய்துகொண்டிருக்கலாம். சீட்டைக் கையில் பார்த்த பிறகு இயக்குகிறேன்." இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது?

பதில் – அறுவை அரங்கச் செவிலியர்

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் சொற்களைத் தயாராக வைத்திருந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2005இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரண அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்குச் சுவாசப் பாதையைத் திறக்க முடியாமல் போனது. ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் கருவித் தொகுப்பைக் கொண்டுவந்து, அது தயாராக இருப்பதாக அறிவித்தார். குழாய் செருகும் முயற்சியிலேயே மூழ்கியிருந்த மருத்துவர்களின் மனத்தில் அது பதியவில்லை. அந்தப் பெண் சில நாள்களில் இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று செவிலியர்கள் பின்னர் கூறினர். படிக்கும்போதெல்லாம் என்னை உலுக்கும் வாக்கியம் அது.

நாங்கள் பழகும் முறையில் மூன்று படிகள் உண்டு: "எனக்குக் கவலையாக இருக்கிறது", "இதைத் தொடர எனக்கு உடன்பாடில்லை", "இது பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள்". இந்த மூன்றாவது வாக்கியத்தின் பொருள் என்ன என்பதை அவசரம் இல்லாத ஒரு நாளில் மூத்தவர், இளையவர் அனைவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருந்தால்தான் அதற்கு வலு உண்டு.

பதில் – ஓய்வுபெற்ற ஷிஃப்ட் பொறுப்பாளர்

எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒருமுறை ஓர் இளைஞர் வாயுக் கசிவு என்று சொல்லி இயக்கத்தை நிறுத்தினார். பார்த்தால் உணர்கருவிதான் பழுது. எல்லோர் முன்னிலையிலும், "அடுத்த முறை யோசித்துச் செய்" என்றேன். அதன் பிறகு பல மாதங்கள் அந்த அறையில் யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. ஆலை நன்றாக ஓடுவதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனவே இளையவர்களின் துணிச்சலை மட்டும் அளந்துகொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் சம்பவத்தைப் படித்ததும் 1988 ஜூலை 6 அன்று 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா கடல் எண்ணெய் மேடை வெடிவிபத்துதான் நினைவுக்கு வந்தது. அங்கும் பராமரிப்பில் இருந்த ஒரு பம்பு இரவுப் பணியில் இயக்கப்பட்டது. அதன் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி, அதற்கென ஒரு தனிச் சீட்டு இருந்தும், இரவுப் பணியினரை எட்டவில்லை. அங்கே எவரும் அஞ்சி வாய்மூடி இருந்ததாகச் சொல்ல முடியாது. கேள்வி எழுப்பத் தேவையான தகவலே அவர்களிடம் இல்லை. உங்களிடம் இருந்தது. அதனால்தான் நீங்கள் போட்டுவிட்டது எனக்கு உறுத்துகிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கடைசி வரி வலித்தது, ஆனால் நியாயமானது. நேற்றிரவு வேறொரு பம்புக்கு இதே நிலை வந்தபோது, "சீட்டைக் கையில் பார்த்த பிறகு இயக்குகிறேன்" என்று சொன்னேன். பொறுப்பாளர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சீட்டைத் தேட ஆள் அனுப்பினார். நாற்பது நிமிடம் தாமதமானது. சீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது என்பதால் இப்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஷிஃப்ட் பொறுப்பாளர்

அந்த நாற்பது நிமிடத்தைப் பதிவேட்டில் என்னவென்று எழுதினீர்கள்? "தாமதம்" என்று எழுதியிருந்தால், பொறுப்பாளரிடம் பேசி, "சீட்டுச் சரிபார்ப்பு" என்று திருத்தி இருவரும் கையொப்பமிடுங்கள்.